சமையல் நோட்டோடு ஆழாக்கும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்புகளில் செட்டிநாட்டுப் பலகாரச் செய்முறை வரும்போதெல்லாம் அளவு ‘கப்’ கணக்கிலேயே வருகிறது. எந்தக் கப் என்று சொல்வதில்லை. வெள்ளைப் பணியாரத்துக்கு இது சரிப்பட்டு வராது. ஆழாக்கு என்ற பழைய அளவைப் பாத்திரத்தில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பதுதான் அதன் கணக்கு. குவியல் எவ்வளவு நிற்கும் என்பது பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது. அகன்ற கிண்ணமென்றால் உளுந்து கூடிவிடும், பணியாரம் எண்ணெய் குடிக்கும். ஒடுங்கிய டம்ளரென்றால் குறைந்துவிடும், பணியாரம் உப்பாமல் விறைப்பாகும். மற்றதெல்லாம் எளிது: 2 மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய்போல அரைத்து, உப்பும் சிட்டிகை சீனியும் சேர்த்து, கொஞ்சம் பால் விட்டுக் கரைத்து, புளிக்க விடாமல் உடனே ஒவ்வொன்றாக ஊற்றி, சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

ஆக, அப்பத்தாளின் நோட்டில் ‘1 ஆழாக்கு’ என்று இருந்தால் அது அந்த வீட்டு ஆழாக்கு. பங்கு பிரிக்கும்போதோ வீட்டை ஒழிக்கும்போதோ நோட்டு ஒருவர் கைக்குப் போகிறது. பித்தளை ஆழாக்கும் உழக்கும் படியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாக விலைக்கு வந்துவிடுகின்றன. இரண்டையும் பிரிக்காதீர்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரிந்தே தீர வேண்டுமென்றால், அதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள். ஆழாக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி டிஜிட்டல் தராசில் வைத்து, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்தால், மீதி கிராமே மில்லிலிட்டர். பாத்திரம் ஒழுகினால் பச்சரிசியைத் தலைதட்டி எடைபோட்டுக் குறித்துக்கொள்ளலாம். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி என்பது வாய்ப்பாடு. வாய்ப்பாட்டில் ஆழாக்கு சுமார் 168 மி.லி.தான். ஆனால் படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது. வாய்ப்பாட்டைவிட வீட்டுப் பாத்திரத்தையே நம்ப வேண்டும். எடையில் அவ்வளவு சிக்கல் இல்லை. 40 பலம் 1 வீசை. வீசை சுமார் 1.4 கிலோ. எனவே ‘வெல்லம் 10 பலம்’ என்றால் 350 கிராம் போடலாம். பழைய நோட்டுகளில் தமிழ் எண்கள் வரும். பக்கத்தின் தலையில் இருக்கும் ‘உ’ பிள்ளையார் சுழி, பொருளுக்குப் பக்கத்தில் வருவது 2. ‘வ’ என்றிருந்தால் கால்.

நோட்டில் எழுதாமல் விட்டதையும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அளவு இருக்கும், எது முன் எது பின் என்பது இருக்காது. கவுனரிசி என்ற கறுப்பரிசியில் செய்யும் இனிப்பில் அதுதான் முக்கியம். இரவு முழுக்க ஊறிய அரிசியை, நிறம் இறங்கிய அதே தண்ணீரிலேயே வேகவைக்க வேண்டும். அரிசி விரலில் மசிந்த பிறகே சீனி. முன்னதாகப் போட்டால் அதன் பிறகு எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தாலும் அரிசி நறுக்கென்றே நிற்கும்.

இந்த நோட்டுகள் இருக்கும் அலமாரியில்தான் வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதை பைண்டுகளும் இருக்கும். குடும்பமே வாரம் தவறாமல் காத்திருந்து படித்தவை. அமிலம் மிகுந்த மலிவுத் தாள் என்பதால் மடித்த இடத்தில் ஒடியும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகித் தாளோடு ஊறிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு நூலால் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் அலமாரி சுவரை ஒட்டியிருந்தால் ஈரமும் கரையானும் ஏறும். நாலு விரல் தள்ளி, செங்கல் மேல் வையுங்கள். ரசகற்பூர உருண்டை கரையானைத் தடுக்காது. பூஞ்சை பிடித்தால் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெளியில் வைத்துத் தூரிகையால் தட்டுங்கள். கைபேசியில் படமெடுப்பவர்கள் ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், அட்டை முதல் இடையில் செருகிய துண்டுச்சீட்டு வரை வரிசை கலையாமல் எடுக்க வேண்டும்.

துண்டுச்சீட்டு என்று ஒதுக்க வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டு விளம்பரங்களையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பைக் கொண்டுதான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைகளில் பழைய அளவை அப்படியே போட்டு, பக்கத்தில் கிராம் கணக்கையும் தாருங்கள். கோபுரமாகக் குவிக்கும் உளுந்தைக் கட்டாயம் தனியாக எடைபோட்டுச் சொல்லுங்கள். இடம் போதாவிட்டால் பலகாரத்தின் படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கானாடுகாத்தான்.