57-ஆம் தொகுதி, 6-ஆம் எண், இரண்டாம் பகுதி

அன்புள்ள சீனு,

கிடைத்துவிட்டது! என்ன கிடைத்தது என்று கேட்டாயானால் உனக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுப் பத்திரிகையான பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னல், 1978 ஜூலை–ஆகஸ்ட், யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் பற்றிய சிறப்பிதழ். அச்சுப் பிரதி, முழுசாக. ஜெராக்ஸ் இல்லை, ஜெராக்ஸின் ஜெராக்ஸும் இல்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். சின்னவன் எது கேட்டாலும் "ம்" என்கிறான். அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருப்பது கேட்டு நிம்மதி. நம் நண்பன் தாடி மறுபடியும் கவிதை எழுத ஆரம்பித்திருக்கிறானாமே, பக்கத்தில் இருக்கிற நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வெகு நாளாக எண்ணம் உண்டு. ஆனால் அவசரம் வந்தது 2023 டிசம்பரில் நோக்கியா அந்த அறிவிப்பை வெளியிட்ட பிறகுதான். யூனிக்ஸ் பிறந்த ஆய்வகமான பெல் லேப்ஸ் (இப்போது நோக்கியாவுடையது) நியூஜெர்சியின் மர்ரே ஹில் வளாகத்தைக் காலி செய்துவிட்டு நியூ பிரன்ஸ்விக்கில் புதுக் கட்டடத்துக்குப் போகப்போகிறது. நான் இருக்கும் எடிசனிலிருந்து மர்ரே ஹில் அரை மணி நேரம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "இதோ, இங்கேதான்" என்று நான் ஆரம்பிப்பேன், பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். கட்டடத்தை நம்மால் பிடித்து வைக்க முடியாது, புத்தகமாவது கைக்கு வரட்டும் என்று மும்முரமாகத் தேட ஆரம்பித்தேன்.

வாங்குவது லேசு என்று நினைக்காதே. இந்த இதழில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதே மாதம், அதே தொகுதி, அதே எண்ணில் இரண்டு புத்தகங்கள். முதல் பகுதி வழக்கமான தொலைபேசி ஆராய்ச்சி. இரண்டாம் பகுதிதான் முழுக்க யூனிக்ஸ். பக்க எண்கூட ஒன்றிலிருந்து தொடங்காது, முதல் பகுதி விட்ட இடத்திலிருந்து ஓடும். முன்னுரையே 1899-ஆம் பக்கம். பழைய புத்தக வியாபாரி ஒருவருக்கு "இரண்டாம் பகுதி, இரண்டாம் பகுதி" என்று அடித்துச் சொல்லியும் அனுப்பியது முதல் பகுதியை. கேட்டால், "வருஷம் சரி, எண் சரி, வேறென்ன வேண்டும்?" என்று பதில். பணத்தைத் திருப்பி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியில் ஒரு கல்லூரி நூலகம் கழித்துக் கட்டிய சரக்கோடு வந்தது. எந்தக் கல்லூரி என்று சொல்லமாட்டேன், தூக்கிப் போட்டவர்கள் நிம்மதியாக இருக்கட்டும். விலையைப் பற்றி ஒரு வார்த்தை: வீட்டில் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று. நீ போனில் உளறிவைக்காதே.

முதுகில் வெள்ளை ஸ்டிக்கர், உள்ளே "கழிக்கப்பட்டது" என்று சிவப்பு முத்திரை, பின் அட்டையில் தேதிச்சீட்டு வைக்கும் உறை, சீட்டு மட்டும் இல்லை. புத்தகத்தை மூடி ஓரத்தைப் பார்த்தேன். முன்னால் கால் பகுதி விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறி இருக்கிறது. மீதி முக்கால் பகுதி வெள்ளை வெளேர், சில தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, யாரும் பிரித்ததே இல்லை. அந்தக் கால் பகுதியில் என்ன இருக்கிறது தெரியுமா? யூனிக்ஸை உருவாக்கிய ரிச்சியும் தாம்சனும் எழுதிய முதல் கட்டுரை, தாம்சன் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் உட்கருவைப் பிரித்துக் காட்டுவது, ரிச்சி தன் வேலையைத் தானே எடை போட்டுப் பார்ப்பது, கட்டளைகளை வாங்கி இயக்கும் போர்னின் ஷெல், அப்புறம் சி என்ற நிரல்மொழி. நம் நண்பன் குண்டன் ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்த ஜெராக்ஸ் கட்டு இருக்கிறதே, கிட்டத்தட்ட அதேதான். நாம் எங்கே நிறுத்தினோமோ, நியூஜெர்சிக்காரப் பையன்களும் அங்கேதான் நிறுத்தியிருக்கிறார்கள். குண்டன் இருந்திருந்தால் இந்தப் புத்தகத்தை முதலில் அவனுக்குத்தான் அனுப்பியிருப்பேன். உனக்கும் அதில் வருத்தம் இருந்திருக்காது.

நீ அடிக்கடி ஒப்பிக்கும் கணக்கைச் சரிபார்த்துவிட்டேன், சரிதான். கெர்னல் சுமார் 10,000 வரி சி, 1,000 வரி அசெம்ப்ளி, அதாவது இயந்திரத்துக்கு நெருக்கமான மொழி. அந்த ஆயிரத்தில் 200 வேகத்துக்காக மட்டும், அதையும் சி-யிலேயே எழுதியிருக்கலாம் என்று தாம்சனே சொல்கிறார். 800 வரிதான் சி-யால் ஆகாதது. ஆனால் நீ சொல்லாத ஒன்றும் அங்கேயே இருக்கிறது. யூனிக்ஸ் என்று ஊர் சொல்லும் மொத்தத்தில் இந்தக் கெர்னல் 5 முதல் 10 சதவீதம்தான். அப்படியானால் மீதி 90? அதுதான் பின்னால் இருக்கிறது, அந்த வெள்ளைத் தாள்களில்.

அதற்கு முன் முன்னுரை. பெல் லேப்ஸின் மெக்கில்ராய், பின்சன், டேக் மூவரும் சேர்ந்து எழுதியது. நீ மீட்டிங்குக்கு மீட்டிங் எடுத்து வீசும் "ஒரு நிரல், ஒரு வேலை, அதை உருப்படியாக" இங்கேதான் இருக்கிறது. மொத்தம் நான்கு வாசகங்கள். இரண்டாவது உனக்குத் தெரியும்: உன் நிரலின் வெளியீடு இன்னும் பிறக்காத வேறொரு நிரலுக்கு உள்ளீடாகப் போகும் என்று எதிர்பார்த்து எழுது. மூன்றாவது: சில வாரங்களுக்குள் ஓட்டிப் பார்க்கிற மாதிரி கட்டு, அசிங்கமான பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பக் கட்டத் தயங்காதே. நான்காவது: வேலையைக் குறைக்கத் தேர்ச்சியில்லாத ஆளைச் சேர்ப்பதற்குப் பதில் கருவியைச் செய்துகொள், பாதையை விட்டு விலகிப்போய் அந்தக் கருவியைக் கட்ட வேண்டியிருந்தாலும் சரி, வேலை முடிந்ததும் சிலவற்றை எறியப்போகிறாய் என்று தெரிந்தாலும் சரி. மூன்றையும் நான்கையும் நீ ஒருநாளும் சொன்னதில்லை. உன் குழுவில் இருக்கும் ஆள் எண்ணிக்கையைப் பார்த்தால் காரணம் புரிகிறது.

இன்னொன்று. முதல் கட்டுரை புதியதில்லை, 1974-இல் ஏ.சி.எம். என்ற கணினியாளர் சங்கத்தின் இதழில் வந்ததன் திருத்திய வடிவம். அங்கே சுமார் 40 இடங்களில் யூனிக்ஸ் நிறுவப்பட்டது என்று ஒரு வரி. இங்கே கிட்டத்தட்ட அதே வரி, 600-க்கு மேல் என்று. நான்கே வருஷம்! விளம்பரம் இல்லை, விற்பனைப் பிரிவு இல்லை. 1956-இல் அமெரிக்க அரசோடு போட்ட சமரசத்தின்படி பெல் லேப்ஸின் தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி தவிர வேறு வியாபாரத்தில் இறங்கக்கூடாது. விற்க வழியில்லாததால் பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் கட்டணத்தில் மூல நிரலோடு கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற பல்கலைக்கழக ஆசிரியர் அதை வைத்து 1977-இல் வரிக்கு வரி உரை எழுதினார், யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் உரிமம் வந்ததும் வகுப்பில் மூல நிரலை வைத்துப் பாடம் நடத்தக்கூடாது என்றார்கள், ஊரெல்லாம் ஜெராக்ஸ் போட்டுப் படித்தது. முறையாகப் புத்தகமாக வர 1996 ஆயிற்று. நம்மை மட்டும் திருடர்கள் என்று புரொபசர் திட்டினாரே!

சரி, பின்பகுதி. நாம் என்ன நினைத்துக்கொண்டிருந்தோம்? இரண்டு மேதைகள், மூலையில் கிடந்த ஒரு பி.டி.பி-7 கணினி, விளையாட்டாக எழுதிய சிஸ்டம், அது உலகத்தை ஜெயித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த இதழின் பின்பாதியைப் படித்தால் அந்தக் கதை போதாது என்று தெரிகிறது. அங்கே எழுதியிருப்பவர்கள் தொலைபேசிக்காரர்கள். நம்பர் 4 இ.எஸ்.எஸ். என்ற மாபெரும் நெடுந்தூர இணைப்பகத்தில் பழுது கண்டுபிடிக்க யூனிக்ஸை எப்படிப் பயன்படுத்தினோம் என்று ஒருவர் எழுதுகிறார். நாடு முழுக்க அழைப்புகளின் நெரிசலைப் பார்த்துக்கொள்ளும் மையத்தைப் பற்றி ஒரு கட்டுரை. உடனுக்குடன் வேலை நடக்க வேண்டிய இடங்களுக்கு மெர்ட் என்று தனியாக ஒன்றைச் செய்து, அதன்மேல் யூனிக்ஸை உட்கார வைத்திருக்கிறார்கள். "புரோகிராமர்ஸ் ஒர்க்பெஞ்ச்" கட்டுரையில், நிரல் கடைசியில் ஓடப்போவது வேறு பெரிய கணினியில், எழுதுவது மட்டும் யூனிக்ஸில் என்று ஒரு ஏற்பாடு. எல்.எஸ்.ஐ-11 என்ற நுண்செயலியில் சுருக்கி ஓட்டியது, ஆய்வகக் கருவிகளை இயக்கியது, இப்படிப் போகிறது. அதாவது மணி அடித்தால் இணைப்பு கிடைத்தே ஆக வேண்டும் என்ற பொறுப்பில் இருந்த ஆட்கள், அந்த "விளையாட்டுச் சாமானை" எடுத்து, எது போதவில்லை என்று சொல்லிச் சொல்லி வளைத்திருக்கிறார்கள். மேதைகளுக்கு இருந்த பெரிய அதிர்ஷ்டம் இந்த நச்சரிக்கும் பக்கத்து அறைக்காரர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ ஒத்துக்கொள்ளமாட்டாய், தெரியும். படித்துவிட்டுச் சண்டைக்கு வா.

நடுவில் "டாக்குமென்ட் பிரிப்பரேஷன்" கட்டுரை. கெர்னிகன், லெஸ்க், ஒஸானா. உரையை அச்சுக்கு அமைக்கும் டிராஃப் நிரலை எழுதிய ஜோ ஒஸானா 1977 நவம்பரில் போய்விட்டார், இதழ் வந்தது அடுத்த வருஷம். உரை அமைக்கும் வேலை செய்து தருகிறோம் என்று சொல்லித்தான் அவர்கள் முதல் பி.டி.பி-11 கணினியையே வாங்க முடிந்தது, காப்புரிமைப் பிரிவில் தட்டச்சு செய்பவர்கள்தான் முதல் வெளி வாடிக்கையாளர்கள். அந்த வாக்கைக் காப்பாற்றியவர்களில் முக்கியமானவர் ஒஸானா. கடைசிப் பெயராக இருக்கிறது. அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என் கவலை. "ஸ்கேன்தான் இருக்கிறதே, பேப்பர் எதற்கு?" என்று நூலகங்கள் எல்லாம் இந்தத் தொகுதிகளைக் கிலோக் கணக்கில் கழிக்கின்றன. தகவல் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த ஷானனின் 1948 கட்டுரை வந்த பத்திரிகையடா இது! தொலைபேசி இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் ஒலிகளின் அதிர்வெண்களை 1960 நவம்பரில் கம்பெனியே அச்சிட்டுக் கொடுத்து, ஓசியில் பேசுகிற பயல்களுக்குப் பாடநூல் ஆன பத்திரிகை. ஸ்கேன் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பெல் லேப்ஸ் அல்காடெல்-லூசென்ட் கையில் இருந்த காலத்தில் 1922 முதல் 1983 வரை மொத்தத்தையும் இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள், நல்ல காரியம். அந்தத் தளம் பிறகு காணாமல் போயிற்று, யாரோ புண்ணியவான்கள் பிரதி எடுத்து வைத்திருந்ததால் தப்பியது. ஆனால் அதில் ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனிக் கோப்பு. கெர்னலைத் தேடிப் போனவனுக்குக் கெர்னல் கிடைக்கும், அதோடு மூடிவிடுவான். தொலைபேசிக்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியவே போவதில்லை. ஒட்டிக்கொண்டிருந்த தாள்களைக் கத்தி வைத்துப் பிரித்தது நான்தான் என்றால், அதே ஊர் நூலகத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் யார் என்ன செய்தார்கள் என்று கோபம் வருகிறது. தேடாததும் கண்ணில் பட்டால்தானே படிப்பு!

அப்படிக் கண்ணில் பட்டது ஒன்று, உனக்காகவே. 2137-ஆம் பக்கம், மெக்மஹன், லொரிண்டா செர்ரி, ராபர்ட் மாரிஸ் மூவரும் உரைகளைப் புள்ளியியலாகப் பார்ப்பதைப் பற்றி எழுதியது. இவர்களில் மாரிஸும் செர்ரியும் செய்ததுதான் "டைப்போ" என்ற நிரல். அதற்குப் பெரிய அகராதி கிடையாது, சகஜமான சொற்களின் சின்னப் பட்டியல் ஒன்றுதான். நீ கொடுக்கும் உரையிலேயே எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வருகிறது என்று இரண்டிரண்டாக, மும்மூன்றாக எண்ணிக்கொள்ளும். எந்தச் சொல்லில் அபூர்வமான கூட்டு இருக்கிறதோ அதை மேலே தூக்கிக் காட்டும். அவ்வளவுதான்.

உன் தமிழ்ப் பிழைதிருத்தி எங்கே முட்டி நிற்கிறது? "படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" மாதிரிச் சொற்களைப் பட்டியல் போட்டு மாளவில்லை என்று புலம்பினாய். பட்டியலே போடாதே. உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பிரித்துவிட்டால் முப்பது ஒலிகள்தான், மூன்று மூன்றாக எண்ணினாலும் அட்டவணை சின்னதாகவே இருக்கும். 247 எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணினால் எல்லாமே அபூர்வமாகிவிடும். நம்மிடம் விதியும் சாதகம்: க், ச், த், ப் தன்னோடு மட்டும்தான் மயங்கும் என்று தமிழய்யா உடனிலை மெய்ம்மயக்கத்தை நம் தொடையில் கிள்ளியே சொல்லிக்கொடுத்தாரே, அந்த விதியைக் கணக்கு தானாகவே கற்றுக்கொள்ளும். "பக்தி"யையும் "சக்தி"யையும் முதலில் பிழை என்று காட்டித் தொலைக்கும்தான். உரையில் அவை அடிக்கடி வந்தால் அதுவும் அடங்கிவிடும். "பள்ளி"யைப் "பல்லி" என்று எழுதினால் இது பிடிக்காது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

டிசம்பரில் வருகிறேன், புத்தகம் கைப்பையில்தான் வரும், செக்-இன் பெட்டியில் போடமாட்டேன். முதுகை வெட்டி ஸ்கேன் போடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே, கொடுக்கமாட்டேன். உன் கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை, அவர்களும் நாலு வருஷத்தில் எடைக்குப் போட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம். அந்த நூலகரை உனக்குத் தெரியுமே, நைசாக விசாரித்து வை.

மும்மூன்று எழுத்துக் கணக்கை எந்த உரைத் தொகுப்பில் ஓட்டிப் பார்க்கலாம் என்று யோசித்து எழுது. பிழை திருத்தாத மூலமாக இருக்க வேண்டும். தாடியின் கவிதைகள் கிடைத்தால் உத்தமம்.

உன்,
முரளி