எங்களுக்காக நின்ற கைகளுக்கு

ஆத்தங்குடி, மானாமதுரை, கோவில்பட்டி, பத்தமடை ஊர்களில் தங்கள் வேலையை எங்களுக்குக் காட்டியவர்களுக்கும், வழியில் கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்த ஐந்து பேர் நாங்கள். நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், என் மாமனார். மாமா 31 வருடம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். "கோயிலெல்லாம் பாத்தாச்சு, இந்தத் தடவ வேலை நடக்கற எடமாப் பாப்போம். நாம பொழங்கற சாமான யாரு செய்யறாங்கன்னு புள்ளைங்களுக்குத் தெரியட்டும்" என்று சொன்னவரும் அவர்தான். யாரையும் எங்களுக்கு முன்பின் தெரியாது. வாசலில் நின்று கேட்டோம், உள்ளே விட்டீர்கள்.

ஆத்தங்குடி பட்டறை அண்ணனுக்கு முதல் நன்றி. செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பளபளக்கும் அந்தக் கற்களைச் சூளையில் சுடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நெருப்பே கிடையாது என்று நீங்கள் சொன்னபோது என் மகன் நம்பவில்லை. கண்ணாடிப் பலகையை வைத்து, அதன்மேல் பூ அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஒவ்வொரு இதழுக்குள்ளும் ஊற்றினீர்கள். அச்சைத் தூக்கியபோது ஒரு நிறம்கூட இன்னொன்றோடு கலக்கவில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையைப் போட்டு அழுத்தி, ஓரமாக வைத்தீர்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, வெயில். கண்ணாடி கழன்று வரும்போதே மினுமினுப்பும் வந்துவிடுகிறது. என் மகனையும் ஒரு கல் ஊற்றவிட்டீர்கள். பச்சை, மஞ்சளுக்குள் வழிந்துவிட்டது. "மொதக் கல்லு எனக்கும் இப்படித்தான் வந்துச்சு தம்பி" என்று சொல்லி அதைத் தனியாக எடுத்து வைத்தீர்கள்.

காரில் ஏறியதும் மாமா சொன்னார்: "அவருக்கு எண்ணிக்கைக் கூலி. நம்ம நின்ன முக்கா மணி நேரத்துல எத்தன கல்லு நின்னு போச்சோ." அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. திரும்பிப் போய்ப் பணம் கொடுத்தோம். "பாக்க வந்தவங்ககிட்ட காசு வாங்குறதா?" என்று கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டீர்கள். இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு போன ஒவ்வொரு இடத்திலும் எங்களுக்காக நிற்பது யாருடைய கூலி என்று பார்த்துக்கொண்டேதான் நின்றோம்.

மானாமதுரைப் பெரியவர் ஐயா, கடம் செய்வதற்காகச் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற மீனாட்சி அம்மாளின் ஊர் என்ற மரியாதையோடுதான் வந்தோம். சக்கரத்தில் வனைந்ததோடு கடம் முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தோம். உள்ளே ஒரு கையால் கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டிக்கொண்டே இருந்தீர்கள். ஆயிரக்கணக்கில் தட்டினால்தான் சுவர் எங்கும் ஒரே கனமாக வரும், அப்போதுதான் சுருதி நிற்கும் என்றீர்கள். என் மகள் மிருதங்கம் கற்கிறாள் என்று தெரிந்ததும், சுட்டு வைத்திருந்த இரண்டு கடங்களை அவள் மடியில் வைத்து, எது எந்தச் சுருதி என்று கேட்டீர்கள். அவள் சரியாகச் சொன்னதும் உங்கள் முகத்தில் வந்த சந்தோஷம் அவளுக்குப் போதும், ஒரு வருடம் சாதகம் செய்வாள்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வாசலில் காவல் இருந்த ஐயா எங்களை உள்ளே விடவில்லை. "மருந்து இருக்கிற எடத்துக்குச் சின்னப் பிள்ளைகளக் கூட்டியாரக் கூடாதும்மா" என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். நான் கேட்டதே தவறு. மறுத்ததற்கும் அவருக்கு நன்றி. சாத்தூருக்கு முன்னால் டயர் பஞ்சரானபோது, சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்த கடைத் தம்பிக்கும் நன்றி.

கோவில்பட்டியில் யாரும் எங்களுக்காகக் கையை நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது, பாகு இறுகிவிடும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய் என்று படித்துவிட்டு வந்திருந்தோம். அந்தச் சூட்டில் நின்று வேலை செய்யும் அக்காமார்களைப் பற்றி எங்கும் படித்ததில்லை. வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலில் உருட்டிப் பதம் பார்த்து, கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, ஆறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். அத்தனைக்கும் நடுவில், "தாயி, தள்ளி நில்லு, பாகு தெறிக்கும்" என்று என் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். கூடவே அவள் கேட்ட கேள்வி ஒன்றையும் விடாமல் பதில் சொன்னீர்கள்.

பத்தமடை அம்மா, தாமிரபரணிக் கரைக் கோரையைக் கிழித்து, ஊறவைத்து, சாயம் ஏற்றி நெய்கிற பட்டுப்பாய் துணி மாதிரி மடிவதை நாங்கள் வாய்பிளந்து பார்த்தோம். உங்கள் பிள்ளைகள் யாரும் தறியில் உட்காரவில்லை என்றும் சொன்னீர்கள். குறைப்பட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் மாமா அன்றிரவு நெடுநேரம் தூங்கவில்லை. அவர் மில்லும் மூடிய மில்தான். உங்களிடம் வாங்கிய பாயில்தான் இப்போது தினமும் படுக்கிறார்.

நாங்கள் எடுத்த படங்களை பிரிண்ட் போட்டு எல்லோருக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஆத்தங்குடி அண்ணா, வழிந்த அந்தக் கல் எங்கள் வீட்டுத் துளசி மாடத்தடியில் பதிந்திருக்கிறது. மானாமதுரை ஐயா, நீங்கள் கேட்ட படத்தில் கை தெளிவாக விழுந்திருக்கிறது, முகம் நிழலில் போய்விட்டது. பொங்கலுக்கு முன்னால் வந்து இன்னொன்று எடுத்துத் தருகிறோம். அன்றைக்கு நீங்கள் வேலையை நிறுத்த வேண்டாம், நாங்கள் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறோம்.