அலமாரியில் கிடக்கும் ரைபிளை யாருக்குக் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், துப்பாக்கி சுடுதல் எல்லாம் காசு இருக்கிறவர்கள் ஆடுகிற ஆட்டம், நம் வீட்டுப் பிள்ளைகள் கபடி, ஓட்டப் பந்தயம் என்று போனால் போதும் என்று எழுதியிருந்தார். படித்ததில் இருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் இன்னும் வலிக்கிறது. எங்கள் வீட்டு அலமாரியில், புடவை அடுக்குக்குக் கீழே, இரண்டே முக்கால் லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு ஏர் ரைபிள் இரண்டரை வருடமாகப் பெட்டியைவிட்டு வெளியே வராமல் கிடக்கிறது. அதை விற்பதா, வைத்துக்கொள்வதா, விற்றால் யாருக்கு என்று நாலு மாதமாக நானும் என் வீட்டுக்காரரும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். அதைத்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

துப்பாக்கி என்றதும் லைசென்ஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று பயப்பட வேண்டாம். இது 10 மீட்டர் போட்டிக்கான காற்றுத் துப்பாக்கி. 4.5 மில்லிமீட்டர் பெல்லட், அதாவது .177 அங்குலச் சின்னக் குண்டு. இந்த அளவுக்குள், குண்டு பாய்கிற சக்தி 20 ஜூலுக்குக் கீழே இருக்கிற ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. எங்கள் ரைபிள் ஏழெட்டு ஜூல்தான் வரும். ஆனால் அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது இந்த வகை ரைபிளில்தான், அந்தப் பதக்கம்தான் எங்கள் வீட்டிலும் ஆசையைக் கிளப்பியது.

நான் திருப்பூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். என் மகள் 2016-ல், ஆறாவது படிக்கும்போது, ஒரு கோடை முகாமில் முதல்முதலாக ரைபிளைத் தொட்டாள். ஒரே வாரத்தில் கோச் எங்களைக் கூப்பிட்டு, பாப்பாவுக்குக் கை நிலையாக நிற்கிறது, விடாதீங்க என்றார். சனி, ஞாயிறு என்றால் நானும் அவளும் பஸ் பிடித்துக் கோவைக்குப் போய்விடுவோம். இரண்டு வருடம் ரேஞ்சில், அதாவது சுடப் பழகுகிற கூடத்தில், இருந்த பொது ரைபிளில்தான் சுட்டாள். ஒரு ரைபிளுக்கு ஆறு, ஏழு பிள்ளைகள். ஒருத்தி உயரத்துக்கு ரைபிளின் கட்டையை ஏற்றி வைத்தால், அடுத்தவன் வந்து இறக்குவான். அதிலும் என் மகளுக்கு இடது கை, இடது கண். ரேஞ்சில் இருந்தது அத்தனையும் வலது கை ரைபிள். அவள் ஒரு பக்கமாக ஒருக்களித்து நின்று சுடுவதைப் பார்த்தால் எனக்கே கழுத்து வலிக்கும்.

அதனால்தான் 2018-ல் சொந்தமாக ஒன்று வாங்கினோம். ஜெர்மனியில் உல்ம் நகரத்தில் செய்தது. லீவர், கைப்பிடி, கன்னத்தை வைக்கிற கட்டை எல்லாம் இடது கைக்கு. என் தாலிச் செயினைத் தவிர மற்ற நகை எல்லாம் நான் வேலை பார்க்கிற வங்கியிலேயே அடகுக்குப் போனது. டூ வீலர் வாங்க, பவர்டேபிள் தையல் மிஷின் வாங்க நானே எத்தனையோ பேருக்குக் கடன் பாரம் எழுதியிருக்கிறேன், பிள்ளை விளையாட ஒரு கருவி வாங்க என்று கேட்டால் அதற்கு ஒரு பாரம் கிடையாது. என் நாத்தனார், பொம்பளப் பிள்ளைக்குச் சேர்க்க வேண்டிய நகையைக் கொண்டுபோய்த் துப்பாக்கியில் போடுறீங்களே என்றார். நான் பதில் பேசவில்லை. மீட்டு முடிக்க நாலு வருடம் ஆனது.

ஒரு விஷயம் சொல்லணும். எங்கள் ஹாலில் மேற்குச் சுவரில், அவள் பதிமூன்று வயது உயரத்துக்கு, ஒரு சின்னக் கருப்புப் புள்ளி இருக்கிறது. மார்க்கரில் அவள் வைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போட்டிக்குப் போடுகிற அந்தத் தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பெல்லட் போடாமல், அந்தப் புள்ளியையே பார்த்து அரை மணி நேரம் நிற்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். டிவி கிடையாது, பேச்சு கிடையாது, மிக்சிகூடப் போட மாட்டேன். டிக் என்று ட்ரிகர் சத்தம், அப்புறம் ஒரு மூச்சு, அப்புறம் ரைபிளை இறக்கி வைப்பாள். 10 மீட்டருக்கு அந்தப் பக்கம் பத்து மார்க் புள்ளி அரை மில்லிமீட்டர்தான், பென்சிலால் லேசாகத் தொட்ட மாதிரி இருக்கும். போட்டியில் அதை நோக்கி 75 நிமிடத்தில் 60 தடவை சுட வேண்டும். இரண்டு தடவை வீட்டுக்கு வெள்ளை அடித்தோம், பெயின்டர் அந்தப் புள்ளிக்கு மேலே பிரஷ்ஷைக் கொண்டுபோனபோது என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தடுத்தார்.

மாநிலப் போட்டி வரை போனாள், தென்மண்டலம் வரை போனாள். பத்து மார்க் புள்ளியின் நட்டநடுவில் பட்டால் பத்துக்கு மேலும் கொஞ்சம் கிடைக்கும், அப்படி 60 குண்டுக்கும் சேர்த்து அவளுடைய நல்ல ஸ்கோர் 618.4. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்துப் பத்தாவதாக வந்தார், ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் இறுதிச் சுற்று போய்விட்டது. அதை வைத்துப் பார்த்தால் 618 எங்கே நிற்கிறது என்று புரியும், ஆனால் ஒரு வங்கிக் குமாஸ்தா வீட்டுப் பெண்ணுக்கு அது சின்னத் தூரம் கிடையாது. பிளஸ் டூ முடித்தாள், நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் கிடைத்தது, போய்விட்டாள். இப்போது மூன்றாம் ஆண்டு. மாட்டுக்குப் பிரசவம் பார்த்தேன் என்று போனில் சொல்லும்போது, டார்கெட்டில் பத்து விழுந்தால் எப்படிப் பேசுவாளோ அதே குரல். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஹாஸ்டலில் கொண்டுபோய் வைக்கிற பொருளா ரைபிள்? முதல் வருடம் லீவுக்கு வந்தபோது இரண்டு தடவை எடுத்தாள். அதோடு சரி.

முதலில் நான் விற்கவே கூடாது என்ற கட்சி. படிப்பு முடிந்து வந்து மறுபடி ஆரம்பித்தால்? இந்த விளையாட்டுக்கு வயசு ஒரு தடை இல்லையே, முப்பது வயதுக்கு மேலும் ஆடுகிறார்களே? என் வீட்டுக்காரர் அமைதியாகப் பெட்டியைத் திறந்து சிலிண்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அதில் தயாரித்த வருடம் போட்டிருந்தது, 2018. இந்தக் காற்று சிலிண்டருக்கு 10 வருடம்தான் ஆயுள், 200 பார் அழுத்தம் தாங்குகிற பொருள், கெடு தாண்டினால் போட்டியில் அதைக் கொண்டுபோய் நிற்க முடியாது. அவள் படிப்பை முடிக்கும்போது 2028 தாண்டியிருக்கும். அழுத்த மீட்டர் முள் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் கிடந்தது. காற்று இல்லாமலே வைத்திருந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்களும் காய்ந்துபோகும் என்று கோச் முன்பே சொல்லியிருந்தார். நகை மாதிரிப் பூட்டி வைத்தால் மதிப்புக் கூடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூட்டி வைத்தே கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, விற்கலாம் என்று முடிவு செய்து நாலு பேரிடம் சொல்லி வைத்தோம். 2018-ல் யூரோ 80 ரூபாய் பக்கம் இருந்தது, இப்போது 100 ரூபாயைத் தாண்டிவிட்டது, அதனால் புதுசு வாங்குகிறவர்களுக்கு விலை எகிறிவிட்டது, பழசுக்கும் நல்ல கிராக்கி என்று சொன்னார்கள். ஆனால் இடது கை என்றதும் ஆள் குறைந்துபோனார்கள். பழைய ரைபிள் வாங்கி விற்கும் ஒருவர் தொண்ணூறாயிரம் என்றார், அதுவும் பாதி இப்போ, மீதி விற்ற பிறகு. அடுத்து வந்தவர் காங்கேயம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். ஒன்றரை லட்சம், கையில் ரொக்கம், பேரம்கூடப் பேசவில்லை. காபி கொடுத்துவிட்டு, உங்க பையன் எந்த ரேஞ்சுல பழகுறாருங்க என்று கேட்டேன். பையன் இல்லீங்க, மயில் தொந்தரவு தாங்க முடியலீங்க, சத்தமில்லாம அடிக்க இதுதான் வசதின்னு சொன்னாங்க என்றார்.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் தோட்டத்து வீட்டில் பிறந்தவள், மயில் கூட்டம் இறங்கினால் நிலக்கடலையும் தக்காளியும் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். நஷ்டஈடு கேட்டு அவர்கள் அலைவது தனிக் கதை, அதை யாராவது விரிவாக எழுத வேண்டும். ஆனால் மயில் 1972 வன உயிரினச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை. அப்புறம், சட்டத்தை விட்டுவிட்டாலும், அட்டைப் புள்ளியைத் தவிர எதையும் சுடாத ஒரு ரைபிள் அது. அரை மணி நேரம் மூச்சைப் பிடித்து நின்ற பிள்ளையின் கையில் இருந்ததை அதற்குக் கொடுக்க மாட்டேன். ஒன்றரை லட்சம் என்றால் மகளுக்கு இரண்டு வருட ஹாஸ்டல், சாப்பாட்டுச் செலவு. என் வீட்டுக்காரர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் அவரே, இல்லீங்க, கொடுக்கறதா இல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதை எழுதக் காரணமே, வீட்டில் இப்படி ரைபிள் வைத்திருக்கிற மற்றவர்களும் வாங்குகிறவர் யார், எதற்கு என்று கேட்டு, பில் நகலும் ஆதார் நகலும் வைத்து எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள் என்று சொல்லத்தான்.

மூன்றாவது ஆள் ஒரு பையன். பழைய கோச்சுக்குப் போன் செய்தபோது அவர்தான் சொன்னார். பன்னிரண்டு வயது, அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இடது கைப் பையன். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வலது கை ரைபிளை இடது தோளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குண்டுக்கும் அதை இறக்கி, கையைச் சுற்றிக் கொண்டுபோய் லீவரைத் திறந்து, பெல்லட்டைப் போட்டு, மறுபடி தூக்கி நின்றான். பெல்லட் இரண்டு தடவை கீழே விழுந்தது. குனிந்து தேடி எடுத்து, ஊதித் துடைத்து, பிறகு அது வளைந்திருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, தனியாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். எட்டு வருடத்துக்கு முன்பு என் மகள் நின்ற அதே மாதிரி, கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றான்.

அன்று ராத்திரி மகளுக்குப் போன் போட்டேன். அவள் பொருள், அவள்தான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கண்ணு, உனக்கு வேணும்னா வெச்சுக்கலாம் என்றேன். அதற்கு அவள், "வேண்டாம்மா, கொடுத்துடலாம். சிலிண்டர் தேதியை அவங்க அப்பாகிட்ட முதல்லயே சொல்லிடுங்க, புது சிலிண்டருக்கும் பணம் எடுத்து வைக்கணும். கைப்பிடி அவனுக்குப் பெருசா இருக்கும், உடனே ராவிடப் போறாங்க, ஒரு மாசம் அப்படியே பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். அப்புறம், "சுவத்துல இருக்கற புள்ளி இருக்கட்டும்மா" என்றாள்.

எண்பதாயிரம் ரூபாய், மாதம் நாலாயிரம் வீதம் இருபது மாதம், வட்டி இல்லை என்று பேசியிருக்கிறோம். எங்களுக்கும் இது லேசான விஷயம் கிடையாது. சும்மாவே கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு, அந்த அளவு வசதி எங்களுக்கு இல்லை என்பதுதான் பதில். அந்தப் பையனின் அப்பாவும் தானம் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

இப்போது அந்த வாசகருக்கு வருகிறேன். ஐயா, பிந்த்ராவுக்கு வீட்டிலேயே ரேஞ்ச் கட்டிக் கொடுக்க அவர் அப்பாவால் முடிந்தது, உண்மை. ஆனால் பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்தவர். காசு இல்லாத வீட்டில் திறமைக்குப் பஞ்சமே இல்லை, முதல் மூன்று வருடத்துக்குக் கையில் ஒரு சரியான ரைபிள்தான் இல்லை. தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023-ல் இருந்து விளையாட்டு வீரர்களுக்குக் கருவி வாங்கவும் போட்டிக்குப் போய்வரவும் உதவுகிறது, நல்ல காரியம். ஆனால் பேர் சொல்லும்படி ஒரு ஸ்கோர் வந்த பிறகுதானே நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே போய்க் கேட்கவே தைரியம் வரும்? அந்த ஸ்கோர் வரவே முதலில் ஒரு ரைபிள் வேண்டுமே.

அந்த ரைபிள் நம் ஊர்களிலேயே இருக்கிறது. என் மகளோடு பழகியவர்களில் மட்டும் ஐந்து பேர் வீட்டில் ஐந்து ரைபிள் சும்மா கிடக்கிறது, எனக்குத் தெரிந்து. ஒருத்தி அமெரிக்காவில் இருக்கிறாள், ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஜாக்கெட்டும் கால்சட்டையும் உடம்புக்குத் தைத்தது, அடுத்தவருக்குச் சேராது. ரைபிள் அப்படி இல்லை, கட்டையை ஏற்றி இறக்கி, நீட்டிச் சுருக்கி யாருக்கும் பொருத்தலாம். ஒவ்வொரு மாவட்ட ரைபிள் கிளப்பிலும் ஒரு நோட்டுப் போட்டு, யார் வீட்டில் என்ன இருக்கிறது, இடது கையா வலது கையா, சிலிண்டர் எந்த வருடம், எந்தப் பிள்ளைக்குத் தேவை என்று எழுதி வைத்தால் போதும். விற்க மனசு இல்லாதவர்கள் இரண்டு வருடத்துக்கு இரவல் கொடுக்கலாம். இதைக் கிளப் நிர்வாகிகள் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் உங்களுக்கு எழுதுகிறேன், தயவுசெய்து சுருக்காமல் போடுங்கள்.

வருகிற சனிக்கிழமை அந்தப் பையனும் அப்பாவும் வீட்டுக்கு வருகிறார்கள். சிலிண்டரில் காற்று நிரப்பி, ஒழுகுகிறதா என்று இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டோம், முள் 180-ல் அசையாமல் நிற்கிறது. பிரிக்காமல் கிடந்த பெல்லட் டப்பா ஒன்று இருந்தது, அதையும் பெட்டியில் வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்