தொடர்மாடி விளம்பரங்களில் உள்ளளவையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் எழும்பும் சின்னத் தொடர்மாடி வீடுகளின் விளம்பரங்கள் உங்கள் பத்திரிகையில் முழுப்பக்கத்தில் வருகின்றன. நான் வீட்டுப் படம் கீறிப் பிழைத்தவன். ஓய்வுபெற்ற பிறகும், பிள்ளைக்குக் கொழும்பில் வீடு வாங்க நினைப்பவர்கள் அந்தப் படங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

கடைசியாக வந்தது 430 சதுர அடி வீடு. ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி, எங்கள் கணக்கில் இது இரண்டு பேர்ச்கூட இல்லை. பத்துப் பேர்ச் கொண்ட ஒரு பரப்புக் காணிக்குள் அப்படி ஆறு அடங்கும். சின்னதாக இருப்பது குற்றமில்லை, வேலைக்குப் போகும் தனியாளுக்கு அது தாராளம். ஆனால் அந்த 430க்குள் பல்கனி, சுவர்களின் தடிப்பு, குழாய் இறங்கும் இடம் எல்லாம் அடக்கம். கழித்துப் பார்த்தால் கால் வைத்து நடக்க 350தான் மிச்சம், அதுதான் உள்ளளவு. விலையை 350ஆல் பிரித்தால் சதுர அடி விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

அதைவிடப் பெரிய கெட்டித்தனம் கட்டிலில். வாசல் அகலத்தை அளவாக வைத்துப் பார்த்தேன்: படத்தில் கீறியிருக்கும் கட்டிலின் நீளம் ஐந்தரை அடி. கடையில் வாங்கும் கட்டில் ஆறேகால் அடி. அதைப் போட்டால் அலுமாரிக் கதவு பாதிதான் திறக்கும். கட்டிலைச் சின்னதாகக் கீறினால் அறை பெரிதாகத் தெரியும். தொழில் தெரிந்தவன் தவறுதலாக அப்படிக் கீறமாட்டான்.

குசினியைச் சொல்லவே வேண்டாம். தொட்டியும் அடுப்பும் போக, மேசைக்கல்லில் ஒன்றரை அடி மிச்சம். மிக்ஸி, ரைஸ் குக்கர், கேத்தல் எல்லாம் அதற்குள் நிற்கவேண்டும், தேங்காய் எங்கே துருவுவது? பிளக் ஒரே இடத்தில். இண்டக்ஷன் அடுப்பும் கேத்தலும் ஆளுக்கு 2,000 வாட் வரை இழுக்கும். 13 அம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொழுவினால் வயர் சுடும். அடுப்புக்கு மேல் புகை உறிஞ்சும் ஹூட் கீறியிருக்கிறார்கள், புகை வெளியே போகக் குழாய் இல்லை. கரி வடிகட்டி வழியாக அதே காற்றைத் திருப்பி விடும் வகை அது. மீன் பொரித்த அன்று மணமும் உங்களோடு கட்டிலில் படுக்கும். 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கு இடமே குறிக்கவில்லை. காஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் நிலத்தோடு தங்கும். 2021 கடைசியில் நாடு முழுக்க நடந்த சிலிண்டர் விபத்துகளை அதற்குள் மறந்துவிட்டோமா?

வோஷிங் மெஷினைக் குசினி மேசைக்கல்லுக்குக் கீழே காட்டியிருந்தார்கள். மேலே மூடி திறக்கும் மெஷினை அங்கே வைக்க முடியாது. வாங்கிய பிறகுதான் பலருக்கு அது தெரியவருகிறது. யாழ்ப்பாண நகரத்திலும் தொடர்மாடிகள் வருகின்றன. இங்கே சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வரும் தண்ணீரில், அதைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்புப் படை பிடிக்கும் என்பதையும் வாங்குபவர்கள் கணக்கில் எடுக்கவேண்டும்.

தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யும் வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டின் பரப்பும் இருக்கவேண்டும். ஆகவே அளவு தெரியாது என்று கட்டுபவர் சொல்ல முடியாது. பல்கனி நீங்கலாக உள்ளளவு எவ்வளவு, அறைகளின் நீள அகலம் என்ன என்று இரண்டு வரி இல்லாத விளம்பரத்தை நீங்கள் ஏற்கக்கூடாது. முழுப்பக்கம் வாங்குபவர்களுக்கு இரண்டு வரிக்கு இடம் இல்லாமல் போகாது.

ஓய்வுபெற்ற படவரைஞர்,
கொக்குவில்.