பெயின்ற் கலக்க முதல் போனில் ஒருக்கால் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கம் கலியாணமோ சாமத்தியவீடோ வந்தால்தான் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிற யோசனையே வரும், வந்த பிறகு எல்லாமே அவசரம். ஹாட்வெயார் கடையில் கலர் அட்டையைத் தருவார்கள். அதில் முத்திரை அளவுக் கட்டம் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் மெஷினில் கலந்து தந்துவிடுவார்கள், கலந்த வாளியைத் திருப்பி எடுப்பது அபூர்வம். அட்டையில் மெல்லிய பச்சையாக இருந்தது சுவர் முழுக்க ஏறினதும் கண்ணைக் குத்தும். கடைக்காரரில் பிழை இல்லை, எந்த நிறமும் பெரிய பரப்பில் அழுத்தமாகத்தான் தெரியும்.

இதற்குக் கையிலிருக்கிற போனே போதும். பெயின்ற் கம்பனிகளின் இலவசச் செயலிகளில் கமராவைச் சுவருக்கு நேரே பிடித்து நிறத்தைத் தொட்டால் சுவர் மாறித் தெரியும். ஆனால் மரநிழல் விழுகிற சுவரில் அவை தடுமாறும், நிறம் யன்னலுக்குள்ளும் வழியும். அதைவிட எளிதான வேலை, வெயில் ஏற முதல் வீட்டுக்கு நேரே நின்று ஒரு படம் எடுத்து, போனிலேயே படத்தில் கீறுகிற இடத்துக்குப் போய், ஹைலைட்டரைத் தெரிவுசெய்து விரலால் சுவரில் பூசுவது. அது அடியில் இருப்பதை மறைக்காது, விறாந்தை நிழலும் யன்னல் நிலையும் அப்படியே இருக்கும்.

வன்னியில் முதலில் பார்க்கவேண்டியது சுவரின் அடிப்பகுதி. கிறவல் ரோட்டுப் புழுதியும், மாரியில் கூரைத் தண்ணீர் விழுந்து தெறிக்கிற செம்மண்ணும் வெள்ளைச் சுவரை ஒரே மழைக்காலத்தில் சிவப்பாக்கிவிடும். படத்தில் அடியில் மண்ணிறப் பட்டி ஒன்று போட்டு, எந்த உயரத்தில் நிறுத்தினால் யன்னலோடு பொருந்துகிறது என்று பார்த்துவிடலாம். மேலே இளம் நிறமே நல்லது, கடும் நிறம் வெயிலை உறிஞ்சும், சித்திரையில் மேற்குச் சுவர் உள்ள அறையில் படுத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதற்காகத் திரையில் தெரிகிற நிறத்தை நம்பி வாளி வாங்க வேண்டாம். போன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தாலே நிறம் வேறாகத் தெரியும். கனடாவிலிருந்து மகள் வட்ஸ்அப்பில் பார்க்கிற நிறமும் இங்கே தாய் பார்க்கிற நிறமும் ஒன்றில்லை (காசு அனுப்புகிறவரின் தெரிவுதான் கடைசியில் வெல்லும், அது வேறு கதை). எந்தச் சுவர் கடும், எது இளம், பட்டி எவ்வளவு உயரம் என்பதைப் போனில் முடிவெடுங்கள். நிறத்துக்கு, கிடைக்கிற ஆகச் சின்னப் பேணியை வாங்கிப் பலகைத் துண்டொன்றில் இரண்டு தரம் பூசிக் காயவிட்டு, காலையிலும் பின்னேரமும் இரவு பல்ப் வெளிச்சத்திலும் சுவரில் சாய்த்துப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா உதவியோடு எழும்பின வீடுகளுக்கு இப்போது பலர் அறையோ விறாந்தையோ கூட்டிக் கட்டுகிறார்கள். பிரதேச சபைக்குக் கொடுக்கிற வரைபடத்தின் கோடுகளைப் பார்த்துக் குசினிக்குள் வெளிச்சம் வருமா, புதுக் கூரை பழைய கூரையோடு எங்கே முட்டும் என்று எல்லாராலும் சொல்ல முடியாது. ஸ்கெச்அப் என்ற மென்பொருளை இணையத்தில் இலவசமாகவே பாவிக்கலாம், அளவைக் கொடுத்துச் சுவரை மேலே இழுத்தால் வீடு எழும்பும், சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு இரண்டு பின்னேரம் போதும். வரைபடம் கீறுகிறவர்கள் வாங்குகிற காசுக்கு இப்படி ஒரு படத்தையும் சேர்த்துத் தந்தால் என்ன? அத்திவாரம் வெட்ட முதல் வீட்டுப் பெண்களிடம் அதைக் காட்டிக் கேட்கலாமே.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பரந்தன்.