பார்த்து வாங்க ஒரு படம் வேண்டும்: கிருதுமால் கரையிலிருந்து திறந்த மடல்

மதுரையின் வாய்க்கால்களையும் வெள்ளத் தடுப்பையும் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற ஐப்பசியில் கிருதுமால் வாய்க்கால் எங்கள் தெருவுக்குள் புகுந்த மறுநாள், மனுவோடு வந்து நின்ற எங்களிடம் உங்களில் ஒருவர், “தாழ்வான இடம் என்று பார்த்து வாங்கியிருக்கலாமே” என்றார். கடிந்து சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். இருந்தும் அந்தச் சொல் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பார்க்க வேண்டியவற்றை எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம். பட்டா பார்த்தோம், மூலப்பத்திரம் பார்த்தோம், முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்ததில் வில்லங்கம் ஏதுமில்லை என்றே வந்தது. நில அளவைப் புலப்படத்திலும் எங்கள் மனை வாய்க்கால் புறம்போக்குக்கு வெளியேதான் இருக்கிறது. வாய்க்கால் எவ்வளவு அகலம் என்பதைப் புலப்படம் சொல்கிறது. அது நிரம்பி வழிந்தால் நீர் எந்தத் தெரு வரை, எத்தனை அடி நிற்கும் என்று சொல்லும் படம் எதுவும் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. அதைத் தயாரித்து வெளியிடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

என் தாயாருக்கு வயது 78. அன்றிரவு அவர் படுத்திருந்த கட்டிலின் கீழ்ச்சட்டம் வரை சாக்கடை கலந்த நீர் ஏறியது. விடிந்ததும் கால் ஒன்றுக்கு மூன்று செங்கல் வீதம் கட்டிலை உயர்த்தினோம். மழைக்காலம் முடிந்த பின்னும் அவற்றை எடுக்க அவர் விடவில்லை. இன்றும் முக்காலியில் கால் வைத்துத்தான் கட்டிலில் ஏறுகிறார். மூட்டுவலிக்காரருக்கு அது எளிதன்று. மூன்று செங்கல் போதுமா, ஐந்து வேண்டுமா என்று அவர் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும்.

செல்லூர்ப் பக்கம் 2024 அக்டோபர் 25 அன்று நடந்தது நீங்கள் அறிந்ததே. பிற்பகல் 3 மணி தொடங்கிக் கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 செ.மீ. மழை கொட்டியது. அதே மழை கிருதுமாலின் மேற்பகுதியான துவரிமான், நாகமலைப் பக்கம் கொட்டி, கண்மாய்களும் நிரம்பி மறுகால் போய்க்கொண்டிருந்தால், எங்கள் பாலத்தடியில் நீர் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு உயரும்? பாலத்துக்குப் பாலம் வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, தெருக்களின் மட்டம் எடுத்து, 10 ஆண்டு, 50 ஆண்டு, 100 ஆண்டு வெள்ளங்களுக்குத் தனித்தனியே கணக்கிட்டால் சொல்லிவிடக் கூடியதுதான் இது. (100 ஆண்டு வெள்ளம் என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை வந்து போவது என்று பொருளில்லை; ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வரலாம்.) தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-லேயே நகர்ப்புற வெள்ளத்துக்கான வழிகாட்டுதல்களில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளை 20 முதல் 50 செ.மீ. உயர இடைவெளியில் வரையவும், 4 சதுர கிலோமீட்டருக்கு ஒரு தானியங்கி மழைமானி வைக்கவும் பரிந்துரைத்திருக்கிறது. ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாநகரத்துக்கு அந்தக் கணக்கில் 37 மழைமானிகள் வேண்டும்.

தூர்வாரவில்லை என்று நாங்கள் குறை சொல்லவில்லை. பொக்லைன் வருகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது, அள்ளிய சகதி கரையிலேயே குவிகிறது, முதல் மழையில் பழைய இடத்துக்கே திரும்புகிறது. ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிறது. திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் நீர் அள்ளியபோது கையில் வந்த மீன், ஏழாம் நாள் ஊழிவெள்ளம் வருமென்று முன்கூட்டியே அறிவித்ததாகப் புராணம் சொல்கிறது. அந்தக் கிருதமாலைதான் எங்கள் கிருதுமால் என்பார்கள். எங்களுக்கு ஏழு நிமிட முன்னறிவிப்பும் வரவில்லை. வந்து சொல்ல இந்தச் சாக்கடையில் இன்று மீனும் இல்லை.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளநீர் பரவும் பரப்பைக் கதவு எண் வரை காட்டும் படத்தை, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தமிழில் வெளியிட்டு, வார்டு அலுவலகத்திலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் மக்கள் கண்ணில் படும்படி ஒட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பகுதியை அதில் சிவப்பில் காட்டினால் மனை விலை இறங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறோம்.

நீர் ஏறிய உயரத்தைத் தெருவில் பதினொரு வீட்டுச் சுவர்களில் பென்சிலால் கோடிட்டு, நாளும் நேரமும் எழுதி வைத்திருக்கிறோம். மட்டம் எடுக்க வருபவர்கள் எந்த நாளும் வரலாம். பொங்கலுக்கும் வெள்ளையடிக்காமல் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கிருதுமால் கரைத் தெருவாசி ஒருவர்