அப்பாஸ் ஐயா, எலெக்‌ஷன் எப்போ?

மதிப்புக்குரிய பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் ஐயாவுக்கு,

இத நீங்க படிக்கப் போறதில்லன்னு தெரியும், ஆனாலும் இஸ்ரேலோட நெதன்யாகுவுக்கு எழுதுறதுக்கு பதிலா உங்களுக்கு எழுதலாம்னு தோணுச்சு, ஏன்னா அவரு பாலஸ்தீன நாடு வரவே விடமாட்டேன்னு ஓப்பனாவே சொல்றாரு, 2024 ஜூலைல அவங்க பார்லிமென்ட்லயும் 68க்கு 9ன்னு ஓட்டு போட்டு அதையே சொல்லிட்டாங்க. அவர்கிட்ட கேக்க என்ன இருக்கு. நீங்க அந்த நாடு வேணும்ங்கிறவரு, அதனால கேள்வி உங்ககிட்டதான்.

2008 செப்டம்பர் 16, ஜெருசலேம்ல, அப்போ இஸ்ரேல் பிரதமரா இருந்த ஒல்மர்ட் உங்ககிட்ட ஒரு மேப் காட்டுனாரு. வெஸ்ட் பேங்க்ல (மேற்குக் கரை) 6.3 சதவீதம் எங்களுக்கு, பதிலுக்கு 5.8 சதவீதம் இஸ்ரேல் நிலம் உங்களுக்கு, ஜெருசலேம் புனித இடங்கள அஞ்சு நாடு சேர்ந்து பாத்துக்கட்டும்னு. நீங்க மேப்ப கேட்டீங்க, மொதல்ல கையெழுத்து போடுங்க அப்புறம் தரேன்னாரு, நீங்க வெளிய வந்து ஞாபகத்துல இருந்து கையால வரைஞ்சு வச்சுக்கிட்டீங்க. கெடச்ச சான்ஸ கோட்டை விட்டாருன்னு உங்கள திட்டுற கூட்டம் இன்னும் இருக்கு. நான் அதுல இல்ல. ஊழல் கேஸ்ல மாட்டி பதவிய விடப்போறேன்னு ஏற்கனவே அறிவிச்சுட்ட மனுஷன், மறுநாளே அவர் கட்சி வேற தலைவர தேர்ந்தெடுத்துருச்சு, வருஷ கடைசில காஸாவுல சண்டை, அப்புறம் நெதன்யாகு பிரதமராயிட்டாரு. ஒல்மர்ட் கையெழுத்த நம்பி என்ன பண்றது?

ஆனா ஐயா, இன்னிக்கு உங்க கையெழுத்துக்கும் அதே கதிதானே.

2005 ஜனவரில நாலு வருஷத்துக்குன்னு ஜெயிச்சீங்க. அதுக்கப்புறம் அதிபர் தேர்தலே நடக்கல. 2006ல ஹமாஸ் பார்லிமென்ட் தேர்தல்ல ஜெயிச்சது, அடுத்த வருஷம் காஸா உங்க கைய விட்டுப் போச்சு, சரி, அது வரைக்கும் புரியுது. 2021 மே 22ல பார்லிமென்ட் தேர்தல்னு தேதி குறிச்சுட்டு ஏப்ரல் கடைசில தள்ளி வச்சீங்களே, கிழக்கு ஜெருசலேம்ல ஓட்டு போட இஸ்ரேல் விடலன்னு காரணம் சொன்னீங்க, காரணம் பொய்யில்ல, ஆனா உங்க கட்சி ஃபத்தா மூணா உடைஞ்சு நின்ன நேரம் அதுங்கிறதும் பொய்யில்ல.

2012ல இஸ்ரேல் டிவில, நான் பொறந்த ஸஃபேத் ஊர (இப்போ இஸ்ரேல்ல இருக்கு) பாக்கணும், ஆனா அங்க குடியிருக்கணும்னு இல்லன்னு சொன்னீங்க. ரொம்ப பெரிய வார்த்தை அது, இஸ்ரேல்காரன் கேக்க ஏங்குற வார்த்தை, 2023 அக்டோபர் 7ல ஹமாஸ் தாக்குதல்ல 1,200 பேர் செத்து 251 பேர பிடிச்சுட்டுப் போனப்புறம் இன்னும் அதிகமா தேவைப்படுற வார்த்தை. ஆனா உடனே எதிர்ப்பு கிளம்பி, அது என்னோட சொந்த நிலைப்பாடுன்னு சமாளிக்க வேண்டியதாப் போச்சு. அகதிகளோட ஊர் திரும்புற உரிமைய விட்டுக்குடுக்குற மாதிரி ஒரு விஷயத்த ஓட்டு வாங்காத ஆள் பேசுனா ஜனங்க எப்படி ஒத்துப்பாங்க?

நீங்க காத்திருக்க காத்திருக்க நிலம் போயிட்டே இருக்கு. 1993ல ஆஸ்லோ ஒப்பந்தத்தப்போ ஒயிட் ஹவுஸ்ல இஸ்ரேல் பிரதமர் ராபினும் உங்க தலைவர் அராஃபத்தும் கை குலுக்குன போட்டோதான் எல்லாருக்கும் ஞாபகம், பேப்பர்ல கையெழுத்து போட்டது நீங்களும் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் பெரெஸும். அன்னிக்கு வெஸ்ட் பேங்க்ல செட்டிலர்ஸ், அதாவது அங்க வந்து குடியேறுன இஸ்ரேல்காரங்க, சுமார் 1.1 லட்சம், இப்போ கிழக்கு ஜெருசலேம சேக்காமலே 5 லட்சம். 2025 ஆகஸ்ட்ல ஜெருசலேமுக்குக் கிழக்க இருக்குற இ1 பகுதில வீடு கட்ட அனுமதி குடுத்தாங்க, அது முடிஞ்சா ரமல்லா பக்கத்துக்கும் பெத்லஹேம் பக்கத்துக்கும் நடுவுல அடைப்புதான். அந்த 2008 மேப்ப இப்போ எடுத்து வச்சு பாத்தா எத்தன கோடு அழியணுமோ.

காஸாவுல 70,000 பேருக்கு மேல செத்துட்டாங்கன்னு அங்க சுகாதாரத் துறை சொல்லுது. அந்த ஊர யார் நடத்தணும்ங்கிறது இப்போ ட்ரம்ப் திட்டத்துலயும் ஐநா தீர்மானத்துலயும் முடிவாகுது, உங்க அரசு மொதல்ல சீர்திருத்தம் பண்ணிட்டு வரட்டும்னு ஓரமா உக்கார வச்சிருக்காங்க. பிரிட்டன், ஃபிரான்ஸ், கனடா எல்லாம் 2025 செப்டம்பர்ல உங்கள நாடுன்னு ஒத்துக்கிட்டாங்க (இந்தியா 1988லயே பண்ணிருச்சு), அதே மாசம் ஐநாவுக்குப் போக அமெரிக்கா உங்களுக்கு விசாவே தரல, வீடியோவுல பேசுனீங்க.

போர் முடிஞ்சு ஒரு வருஷத்துல தேர்தல்னு வாக்கு குடுத்திருக்கீங்க. தேதி போடுங்க. ஃபத்தா தலைவர்கள்ல ஒருத்தரான மர்வான் பர்கூத்தி 2002ல இருந்து இஸ்ரேல் ஜெயில்ல அஞ்சு ஆயுள் தண்டனைல இருக்காரு, இஸ்ரேல்காரங்களுக்கு அவர் கொலைகாரன், ஆனா ரெண்டு நாடு தீர்வு பேசுறவரு, கருத்துக்கணிப்புல உங்கள விட எப்பவும் முன்னாடி நிக்கிறவரு. அவர் பேரும் வாக்குச்சீட்டுல இருக்கட்டும். ஜெருசலேம்ல ஓட்டுப்பெட்டி வைக்க விடலன்னா, உங்கள 2025ல அங்கீகரிச்சாங்களே அந்த நாட்டுக்காரங்கள முன்னாடி நின்னு கேக்கச் சொல்லுங்க.

அன்புடன்,
தூரத்துல இருந்து செய்தி படிச்சுட்டே இருக்குற ஒருத்தன்